செய்தித்தாள் சுற்றிய பாட்டில்கள்

ஜூன் 16, ஞாயிறு

காய்ச்சல் முழுதாக விட்டது. பூசைக்கு நடந்தே போய் வந்தேன். தேவனுக்கு நன்றி.

காப்பித்தூள் கடைக்காரர் என்னை ஏமாற்றத் தொடங்கிவிட்டார். கல்யாணமாகி பெங்களூர் வந்த நாளிலிருந்து அதே கடை, அதே கலவை. இந்த வாரத் தூளில் மணம் என்பதே இல்லை. மல்லித்தூளும் மரத்தூள் மாதிரி இருக்கிறது. நாளை நேரில் போய்ச் சொல்லவேண்டும்.

அனிட்டா சென்னையிலிருந்து பேசினாள். அவளுடைய அடுக்குமாடி வீட்டில் எனக்கென்று ஓர் அறைக்கு வர்ணம் அடித்து வைத்திருக்கிறாளாம். அவள் அப்பா இறந்தபோது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: என் உடம்பு ஒழுங்காக இருக்கும்வரை இந்தக் குக் டவுன் வீட்டில் நான் தனியாக இருக்கலாம்; ஏதாவது பழுதானால் மறுபேச்சு இல்லாமல் சென்னைக்குக் கிளம்பவேண்டும். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நான் சத்தியத்தை மீறுகிறவள் அல்ல.

"வேற ஒண்ணும் இல்லையே மம்மி?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்."

மாடியில் குடியிருக்கும் நவநீதன் படிக்கட்டு ஓரமாகக் காலி பீர் பாட்டில்களை நிறுத்தி வைத்திருக்கிறான். தர்மபுரிப் பையன், கம்ப்யூட்டர் வேலை, நெற்றியில் திருநீறு. அதைப் பார்த்துத்தான் வீட்டைக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் நண்பர்கள் வருகிறார்கள். சத்தம் இல்லை, அது வேறு. ஆனால் பாட்டில்கள்.

ஜூன் 19, புதன்

பூக்காரியிடம், வாசனை இல்லாத மல்லிகையை விற்பது பாவம் என்று சொன்னேன். அவள் கூடையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஜூன் 22, சனி

பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கதவு இடிபட்டது. நவநீதன் என்னைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடி அடுப்பை அணைத்தான். பாத்திரம் அடியோடு கருகியிருந்தது. சமையலறை முழுக்கப் புகை.

"மாடி வரைக்கும் தீயற வாசன வருது ஆண்ட்டி. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்றேன். கையில் செய்தித்தாள் இருந்ததை அவன் பார்த்தான்.

எழுதிவிடுகிறேன். காப்பித்தூளில் குறை இல்லை. மல்லித்தூளில் இல்லை, மல்லிகையில் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. சமையலறையில் கேஸ் கசிந்தாலும் தெரியாது. அனிட்டாவுக்குத் தெரிந்தால் இந்த வீடு பூட்டப்படும்.

யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பாட்டில்களைப் பற்றிக் கண்டிக்க மாடிக்குப் போனேன். பால் கருகியதை அவன் யாரிடமாவது சொன்னானா என்று பார்ப்பதும் ஒரு காரணம்.

மேஜையைச் சுற்றி மூன்று பேர். நவநீதன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சின்ன பீர் ஆலையில் தரம் பார்க்கும் தாரிணி. அல்சூர்ப் பெண், முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறாள். டெலிபோன் துறையில் ஓய்வு பெற்ற குருராஜ ராவ். என் வயதுக்கு நெருங்கியவர், எங்கே போனாலும் தன் மடக்கு நாற்காலியைத் தானே தூக்கி வருகிறார். மேஜை நடுவே செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில்.

நான் கண்டித்து முடிக்கும்வரை மூவரும் எழுந்து நின்றார்கள். பிறகு ராவ், "ரொம்ப சரி மேடம். இவன் பாட்டில் விஷயத்துல மோசம். உக்காருங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்துவிட்டார். மறுப்பது மரியாதை ஆகாது.

அவர்களுடைய விதிமுறையைக் கேட்டு எனக்கு உள்ளூர மதிப்பு வந்தது. வாரம் ஒருவர் முறை. கொண்டுவருகிறவர் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி வரவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. மற்றவர்கள் ஆளுக்குக் கால் டம்ளர் குடித்து, அது எதைப் போல இருக்கிறது என்று தங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லவேண்டும். கடைசியில்தான் தாளைப் பிரிப்பார்கள். பிறகு, இது பிடித்தால் அடுத்து எதைக் குடிக்கலாம் என்று சிபாரிசு செய்வார்கள். கான்வென்டில் மதர் இம்மாகுலேட் எங்களுக்குக் கவிதை கற்றுக்கொடுத்த முறைக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல.

ராவ், "எங்க பாட்டி வீட்ல பழுத்துத் தொங்கின வாழத்தாரு" என்றார். நவநீதன், "கிராம்பு. பல்லுவலிக்கு வெப்பாங்களே" என்றான். நானும் குடித்தேன். என் கணவர் சனிக்கிழமை ஒரு பாட்டில் குடிப்பார், நான் தொட்டதில்லை. வாழை இல்லை, கிராம்பு இல்லை. நாக்கில் தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"கஞ்சி போட்ட காட்டன் புடவை, ரெண்டு தடவ தோச்சதுக்கப்புறம். முறுமுறுப்பு இருக்கு, ஆனா குத்தல. கடைசில கொஞ்சம் இனிப்பு நாக்குல தங்குது."

ராவ் இன்னொரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். "தோச்ச புடவதான்" என்றார்.

தாளைப் பிரித்தால் கோதுமை பீர்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று கறுப்பு பீர். அவர்கள் வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட பிரெட் என்றெல்லாம் சொன்னார்கள். நான், "வெல்வெட் திரைச்சீலை. இழுத்தா கனமா வருது, நடுவுல ஒரு கசப்பு ஆணி" என்றேன். நவநீதன் அதைக் கைப்பேசியில் தட்டி வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினான். ஊர் முழுக்க பீர் ரசிகர்கள் அதில் இருக்கிறார்களாம். எவாஞ்சலின் ஆண்ட்டி இன்னும் என்ன சொன்னார் என்று கேட்கிறார்களாம்.

இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ராவின் மனைவி கோடுபளே கொடுத்தனுப்பியிருந்தார். வளையல் வளையலாக, நன்றாகப் பொரிந்திருந்தது. வாய்க்குள் அது உடையும் சத்தத்துக்கே தேவனுக்கு நன்றி சொன்னேன். இந்த ஒரு மாதத்தில் நான் ரசித்துச் சாப்பிட்ட முதல் பண்டம்.

ஜூலை 21, ஞாயிறு

நவநீதன் முறை. கண்ணாடி டம்ளரில் பொன் நிறம். ராவ் மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினார். தாரிணி என்னைப் பார்த்தாள். நான் குடிக்கக் காத்திருந்தார்கள். இப்போதெல்லாம் அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது.

குடித்தேன். குளிர்ந்து, சுத்தமாக, நாக்கின் ஓரங்களில் மட்டும் கசந்தது. "இதுவரைக்கும் குடிச்சதுல இதுதான் ஒழுங்கான பீர்" என்றேன்.

ராவ் மெல்லக் குடித்தார். "ஒரு... காட்டுத்தனம் இருக்கில்ல?"

"ஆமா சார். மொதல்ல ஒரு மாதிரி இருக்கு. அப்புறம் புடிச்சுக்குது" என்றான் விதியை மறந்த நவநீதன்.

தாரிணி தன் டம்ளரைத் தள்ளிவைத்தாள். வயிறு சரியில்லை என்றாள்.

ஜூலை 24, புதன்

வாட்ஸாப் குழுவில் என் சிபாரிசைத் தேடி அலைகிறார்கள் என்று நவநீதன் படியில் நின்று சொன்னான். ஆனால் கடையில் வாங்கிய அதே பீரில் அந்தக் காட்டுத்தனம் வரவில்லையாம். அவன் பாட்டில் நான்கைந்து நாள் பால்கனி வெயிலில் கிடந்தது என்று தெரிந்ததும், இந்திராநகரில் இரண்டு பேர் வாங்கிய பாட்டில்களை மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயவைத்திருக்கிறார்களாம்.

"வெயில் பதம் எவ்வளவுன்னு உங்கள கேக்கச் சொன்னாங்க ஆண்ட்டி."

இரண்டு நாள் போதும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மத்தியானம் தாரிணி தனியாக வந்தாள். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எத்தன நாளா வாசன தெரியல ஆண்ட்டி?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வெயில் பட்ட பீர் அது. கெட்டுப்போச்சு. நனஞ்ச நாயும் எரிஞ்ச ரப்பரும் சேந்த மாதிரி நாத்தம். எங்க ஆலைல வேலைக்குச் சேந்த மொத வாரமே இத கண்டுபுடிக்கணும். நீங்க மூக்கு கிட்ட கூட கொண்டு போகல, நேரா குடிச்சீங்க."

"அப்ப மத்த ரெண்டு பேரும்?"

"அவங்களுக்கும் நாறிச்சு. நீங்க சொன்னீங்கன்னு குடிச்சாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். "ராவ் சாருக்கு நேத்து வரைக்கும் ஏப்பத்துல அந்த வாசனதானாம். அவர் வீட்டம்மா சமையல்கட்டுப் பக்கம் விடலயாம்."

நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வேறாக மாறியது. அதை இங்கே எழுதத் தேவையில்லை. தாரிணி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். சத்தியத்தைப் பற்றி, சென்னை அறையைப் பற்றி, கேஸைப் பற்றி அவளிடம் சொன்னேன். மகளிடம் சொல்லாததை.

டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு போன வாசனை பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. தினமும் முகர்ந்து பழகவேண்டும் என்றாள். திரும்பும் என்று உறுதி கொடுக்கவில்லை. அதற்காகவே அவளை நம்புகிறேன்.

"ஆனா ஆண்ட்டி, குழுவுக்குச் சொல்லிடணும். பாவம், பாட்டில காய வெச்சிட்டிருக்காங்க."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டாக்டரும் தாரிணி சொன்னதையே சொன்னார்.

இன்று மாடியில் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன், இப்படிப்பட்டதை உட்கார்ந்து சொல்லக்கூடாது. என் மூக்கு வேலை செய்யவில்லை, கெட்டுப்போன பீரை உங்களுக்குச் சிபாரிசு செய்துவிட்டேன், மன்னிக்கவேண்டும். வாட்ஸாப் குழுவுக்கும் இதையே எழுதச் சொன்னேன்.

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான். "பால் தீஞ்ச அன்னிக்கே தெரியும் ஆண்ட்டி. நீங்களே சொல்லட்டும்னு விட்டேன்."

ராவ் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப புடவ, வெல்வெட், ஆணி? அதெல்லாம்?"

"அதெல்லாம் நாக்குல தெரிஞ்சது. நிஜம்."

"பாத்துருவோம்" என்று அவர் தன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தார். நவநீதனும் பிடித்துக்கொண்டான், தாரிணியும். மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்க ஞானஸ்நானத்துக்கு ஆற்றில் முங்குகிறவர்கள் மாதிரி இருந்தது.

ராவ் மூக்கை விடாமலே பேசினார். "மேடம், இந்த கசப்பு வலது பக்கம் தொடங்கி இடது பக்கம் போகுது. நாப்பது வருஷமா குடிக்கிறேன், இது எனக்குத் தெரியாது."

ஒரு புதிய சட்டம் போட்டார்கள். இனி ஒவ்வொருவரும் தங்கள் முறையில், மூக்கு இல்லாதவர் குடித்தாலும் ருசிக்கும் பீராகத் தேடிக் கொண்டுவரவேண்டும். நான் தடுத்தேன். என்னை யாரும் மதிக்கவில்லை. இந்த வீட்டில் இது முதல் தடவை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை வேலைகள்: செடிகளுக்குத் தண்ணீர், ஜெபம், முகர்தல். ஆபீஸுக்குக் கிளம்புமுன் நவநீதன் கீழே வந்து எதிரே உட்காருகிறான். எலுமிச்சைத் தோல், கிராம்பு, ஆரஞ்சுத் தோல், தாரிணி ஆலையிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பூ உருண்டை. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது அதுதான். நான் முகர்ந்ததும் அவனும் முகருகிறான். அவனுக்கு எதற்கு என்றேன். "தனியா மோந்தா போரடிக்கும் ஆண்ட்டி" என்கிறான்.

ஒன்றும் தெரியவில்லை.

சமையலறைச் சுவரில் கேஸ் கசிந்தால் அலறும் பெட்டி ஒன்றை அவனே வாங்கி மாட்டினான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ராவ் முறை. புளித்து, உப்புக் கரிக்கும் பீர். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அம்பத்தூரில் எங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் கடைசியாக மிஞ்சும் நீர் மாதிரி. இன்னும் கால் டம்ளர் கேட்டு வாங்கினேன். அவர் இதற்காக மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். முட்டி வலிக்காரர்.

இத்தனை அன்பைப் பெற நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை. பாட்டில்களுக்காகத் திட்டினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேற்றம். அனிட்டா திருவிழாவுக்கு ஏழாம் தேதி வருகிறாள். எட்டாம் தேதி ஞாயிறு யாரும் வரவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லும்படி நவநீதனிடம் சொல்லிவிட்டேன். தாரிணிக்கு இது பிடிக்கவில்லை.

"அனிட்டா அக்காகிட்ட நீங்களே சொல்றது நல்லது."

"திருவிழா முடியட்டும்" என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கிராம்பை முகர்ந்தபோது ஏதோ இருந்தது. அல்லது கிராம்பின் ஞாபகமாக இருக்கலாம். நவநீதனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

அனிட்டா இளைத்திருக்கிறாள். அவள் சமைத்தாள். குழம்பு கொதிக்கும்போது "வாசன எப்படி?" என்றாள். "பிரமாதம்" என்றேன். சுவரில் இருந்த பெட்டியைக் காட்டி என்ன என்றாள். "கரண்ட் சம்பந்தமா ஏதோ" என்றேன்.

இரண்டு பொய். நாளை மாதா திருவிழா.

செப்டம்பர் 8, ஞாயிறு

கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவிப் புடவை கட்டியவர்களின் கூட்டத்தில் நசுங்கி, பூசை கண்டு, வீடு திரும்பிச் சாப்பிட்டோம். நாலரை மணிக்கு அழைப்பு மணி. அனிட்டா கதவைத் திறந்தாள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் செய்தித்தாள் சுற்றிய பாட்டிலோடு குருராஜ ராவ். அவர் வாட்ஸாப் பார்ப்பதில்லை. நவநீதன் அவரிடம் வாயால் சொல்லத் தவறிவிட்டான்.

"நீங்க மகளா? உங்கம்மா எங்க குழுவுக்கே மகாராணி" என்றார். "இன்னிக்கு எம் முறை இல்ல, ஆனா இத பாத்ததும் விட மனசு வரல. அவங்ககிட்ட காட்டிட்டு மாடிக்குப் போகலாம்னு வந்தேன். இஞ்சி போட்டது. மூக்கே வேண்டாம், நாக்கு ஒண்ணு போதும்."

"மூக்கு ஏன் வேண்டாம்?"

"அவங்களுக்கு வாசன போயிடுச்சல்ல? அதுக்காகத் தேடித் தேடி..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்த மனிதருக்கு நாற்காலியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அனிட்டா என் பக்கம் திரும்பினாள். "எப்பலேந்து?"

"ஜூன்லேந்து."

"நேத்து குழம்பு பிரமாதம்னு சொன்ன."

"சொன்னேன்."

"பீர் குடிக்கிறியா?"

"ஞாயித்துக்கிழம. கால் டம்ளர்."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "அப்பா போனப்ப நீ எனக்கு என்ன சத்தியம் பண்ணிக் குடுத்த?"

நான் அறைக்குள் போய்த் துணிப்பெட்டியை இறக்கினேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வெள்ளைப் புடவைகளை அடுக்கினேன், ஜெபமாலை, மாத்திரைகள். அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தபோது ஆணி கையோடு வந்துவிட்டது.

ராவ் மாடிக்குப் போயிருக்கவேண்டும். நவநீதன் இறங்கி வந்தான். அவன் போன் செய்ததும் தாரிணியும் அல்சூரிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். நவநீதன் என்னை விட்டுவிடும்படி கெஞ்சவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம்" என்று அனிட்டாவைச் சமையலறைக்கு அழைத்துப்போய், சிகரெட் லைட்டரை அந்தப் பெட்டிக்கு அடியில் பிடித்து, பற்றவைக்காமல் வாயு மட்டும் வரும்படி அழுத்தினான். பெட்டி அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அனிட்டா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இது அடிச்சா எனக்கு மாடில கேக்கும். நான் இல்லாதப்ப எதிர்வீட்டுக்குக் கேக்கும்."

"இதுக்குத்தான் கரண்ட்டுன்னு சொன்னாங்களா" என்றாள் அனிட்டா.

தாரிணி தினசரி முகர்தலைப் பற்றிச் சொன்னாள். எத்தனை மாதமாகும் என்று அனிட்டா கேட்டாள். தெரியாது என்றாள் தாரிணி. சென்னையில் செய்ய முடியாதா என்றாள் அனிட்டா.

"தாராளமா செய்யலாம்க்கா. எலுமிச்ச அங்கயும் கிடைக்கும். கூட உக்காந்து யாரு மோப்பாங்க?"

அனிட்டா காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போனால் இரவுதான் திரும்புகிறாள். என் அறை வாசலில் வந்து நின்றாள். பெட்டியில் அவள் அப்பாவின் படம் மேலாக இருந்தது.

"நான் கேட்டா சொல்ல மாட்ட. இவங்களுக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது."

"நீ கூட்டிட்டுப் போயிடுவன்னு பயம்."

இந்த வார்த்தையை என் மகளிடம் நான் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புடவையை எடுத்து மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"சத்தியத்த உனக்குத் திருப்பிக் குடுத்துடறேன் மம்மி. கேஸ எனக்குக் குடுத்துடு."

ராவ் கொண்டுவந்த இஞ்சி பீரைக் கீழ்த்தளத்தில், எங்கள் சாப்பாட்டு மேஜையில், ஐந்து பேரும் குடித்தோம். ராவ் பதினைந்து தடவை மன்னிப்புக் கேட்டார். அனிட்டா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், யாரும் சொல்லாமலே.

செப்டம்பர் 10, செவ்வாய்

சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சியில் ஒப்படைத்தோம். மின்சார அடுப்பு வந்துவிட்டது. தோசை சுமார். நெருப்பைப் பார்க்காமல் சமைப்பது சமையலே அல்ல, ஆனாலும் என் வீட்டில் நின்று சமைக்கிறேன். தேவனுக்கும், அவர் அனுப்பிய இந்த ஆட்களுக்கும் நன்றி.

அனிட்டா ரயிலேறினாள். ஜன்னலருகே உட்கார்ந்து, தினம் பேசும்போது மூக்கைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும் என்றாள். சரி என்றேன். இந்த முறை சத்தியம் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று என் முறை. இதுவரை எனக்குப் பதிலாக நவநீதன் வாங்கிவருவான். இன்று வேண்டாம் என்றேன். பூசைக்கு உடுத்திய புடவையோடு, குடையை எடுத்துக்கொண்டு, நானே வைன் ஷாப்புக்குப் போனேன்.

கவுண்டரில் நின்ற ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் சிகரெட்டை மறைத்தார். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ஒரு பெண், இரண்டு பாட்டில்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆண்ட்டி, இதுல எது நல்லது? எனக்கு ஒண்ணும் தெரியாது."

கறுப்பு பீரைக் காட்டினேன். "இத எடு. வாய்ல கனமா இருக்கும், மெதுவா குடி. ஐஸ்ல வெக்காத, ஜில்லுனு இருந்தா போதும். வெயில்ல மட்டும் வெச்சிடாத. கசப்பு நடுவுல வந்துட்டுப் போயிடும், பயப்படாத."

"வாசன எப்படி இருக்கும்?"

"எனக்கு வாசன தெரியாதும்மா. காய்ச்சல்ல போயிடுச்சு" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

அவள் அதையே வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டர் வரை கூடவே போய், எங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். இன்றே குடித்துப் பார்த்துவிட்டு, அது எப்படி மணக்கிறது என்று அடுத்த ஞாயிறு எனக்கு வந்து சொல்லவேண்டும் என்றேன்.